1,85,000 ரூபாய் போச்சு: பிள்ளைக்குப் பழைய ரேஸ் கார்ட் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறிவிட்டால் 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி.

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், எங்களுக்கு மட்டும் ராத்திரி பகல் கிடையாது. அந்த 61 நாள் சம்பாத்தியத்தில்தான் மகளுக்கு இந்தக் கார்ட்டை, அதாவது பந்தயத்தில் ஓட்டுகிற சின்ன 'கோ-கார்ட்' வண்டியை, வாங்கினேன். 1,85,000 ரூபாய். சத்தத்தை வைத்தே டீசல் இன்ஜினின் கோளாறைச் சொல்கிறவன் என்று பேர் வாங்கியவன் நான். ஒரு சின்ன 125 சிசி இன்ஜினில் ஏமாந்தேன்.

பாப்பாவுக்கு 11 வயது. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வாடகைக் கார்ட்டில் பத்து நிமிஷம் ஓட்டினாள். அதிலிருந்து வேறு பேச்சே இல்லை. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போன கதையைப் படித்துவிட்டு, "அவரு கோயம்புத்தூர்லேர்ந்து போயிருக்காரு, நான் மண்டபத்துலேர்ந்து போகக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். இங்கே ஏது டிராக்? மாதம் ஒரு தடவை விடிய விடிய கார் ஓட்டி கோயம்புத்தூர் போவோம், ஒரு வழிக்கே 350 கிலோமீட்டருக்கு மேல். வாடகை வண்டியில் எத்தனை நாள் பழகுவாள்? அப்படித்தான் பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் தேட ஆரம்பித்தேன்.

விற்றவன் வெளியூரில் கார்ட் பட்டறை வைத்திருப்பவன். ரோட்டாக்ஸ் கம்பெனி இன்ஜின், புது பிஸ்டன் போட்டு இரண்டு மணி நேரம்தான் ஓடியது, சீல் உடையவில்லை என்றான். சீல் என்றால் இன்ஜினைக் கண்டபடி பிரிக்கவில்லை என்று காட்ட நம்பரோடு போடுகிற முத்திரை. வீடியோ காலில் வண்டியைக் காட்டினான். பின்னால் அலமாரியில் அவன் பையன் வாங்கியதாக நாலு கோப்பை. அப்புறம் "பாப்பாவைக் கூப்பிடுங்கண்ணே" என்றான். அவளிடம் வளைவில் எங்கே பார்க்க வேண்டும், எப்போது பிரேக்கை விட வேண்டும் என்று கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "நானும் ஒரு அப்பன்தானேண்ணே" என்றான். அங்கேதான் விழுந்தேன். சீலைக் கிட்டத்தில் காட்டு என்று கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு நல்ல மனுஷனைச் சந்தேகப்படுவதா என்று கூச்சம்! முன்பணம் 25,000, மறுநாள் வங்கியில் 1,60,000. செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் என்று சொன்னான், அதற்கும் தலையாட்டினேன்.

லாரி பார்சலில் வந்தது. பளபளவென்று புதுப் பெயின்ட். டிராக்கில் இறக்கினோம். இடது வளைவில் ஒழுங்காகப் போகிற வண்டி, வலது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் நேராகவே போகிறது. நாலு தடவை புல்லுக்குள் போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "எனக்குத்தான்பா ஓட்ட வரல" என்றாள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அங்கே இருந்த ஒரு மெக்கானிக் தம்பி ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கார்ட்டுக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. சேஸிஸ் குழாய், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைந்து கொடுத்துத்தான் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கும், வண்டி திரும்பும். இதில் ஒரு பக்கக் குழாய் ஒடிந்து, வெல்டிங் அடித்து, மேலே பெயின்ட் பூசி மெழுகியிருக்கிறார்கள். சீல் நம்பரும் இன்ஜினோடு வந்த அட்டையில் இருந்த நம்பரும் வேறு வேறு. சீல் சரியில்லாத இன்ஜினைப் போட்டிச் சோதனையில் சேர்க்க மாட்டார்களாம். வீட்டுக்கு வந்து பிரித்தேன். பிஸ்டன் பூராவும் கீறல். இரண்டு மணி நேரம் ஓடிய பிஸ்டனாம்!

போன் பண்ணினால் முதலில் "பார்சல்ல அடி வாங்கியிருக்கும்ணே". அடுத்த வாரம் "உப்புக் காத்துல வெச்சா அப்படித்தான்". கடல் காற்று வெல்டிங் அடிக்குமா, சீல் நம்பரை மாற்றுமா? கடைசியில் "பாப்பாவுக்கு இன்னும் பழகணும்ணே" என்றான். கத்திவிட்டேன். அதோடு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். செயலிக்காரர்களிடம் ஐந்து தடவை எழுதினேன். பணம் வெளியே கைமாறியதால் பொறுப்பேற்க முடியாது என்று ஐந்து தடவையும் ஒரே பதில், கீழே 'இந்த நாள் இனிய நாளாகட்டும்'. 1,85,000 ரூபாய் போனவனுக்கு இனிய நாள்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. நேரில் போகாமல் வாங்காதீர்கள். சீல் நம்பரை அட்டையோடு ஒத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் என்றால் சுரண்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காமல் பாக்கிப் பணம் தராதீர்கள். ஏமாந்துவிட்டால் சைபர் மோசடிப் புகாருக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நானும் இரண்டிலும் பதிந்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி அந்தச் செயலியைத் திறந்தேன். அதே ஆள், வேறு பெயர், வேறு கார்ட். 'சிறுவன் ஓட்டியது, சீல் உடையாதது' என்று போட்டிருக்கிறான். பின்னால் அலமாரியில் அதே நாலு கோப்பை.