புரூக்ளின் பிரவுன்ஸ்டோன் வீட்டில் ஒரு ஸ்டூடியோ: குடியிருப்பவரின் மதிப்பீடு

நியூயார்க் நகரத்தில், புரூக்ளினின் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் பகுதியில், ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் தெரு ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட, செம்பழுப்பு மணற்கல் முகப்புள்ள பிரவுன்ஸ்டோன் வீட்டைப் புதுப்பித்து நான்கு குடியிருப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் பார்லர் தளத்தின் (வரவேற்பறைகள் இருந்த முதன்மைத் தளம்) பின்புற அறையான ஸ்டூடியோவில், அதாவது ஓரறைக் குடியிருப்பில், மாதம் 2,400 டாலர் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பழைய வேலைப்பாட்டைக் காப்பாற்றிய விதத்தில் இந்தப் புதுப்பிப்பு மிகச் சிறப்பானது. ஆனால் அந்த ஒரே அறையில்தான் ஒருவர் தினமும் சமைத்து, சாப்பிட்டு, உறங்கப்போகிறார் என்பதைத் திட்டமிட்டவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

இவ்வகை வீடுகளின் முகப்பில் தெரியும் செம்பழுப்பு மணற்கல் சில அங்குலம் மட்டுமே கனமுள்ளது. அதற்குப் பின்னால் இருப்பது செங்கல் சுவர்தான். கனெக்டிகட் மாநிலத்தின் போர்ட்லண்ட் சுரங்கங்களிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வெட்டிக் கொண்டுவரப்பட்ட அந்தக் கல்லை, அதன் இயற்கையான அடுக்குகள் கிடையாக அமையாமல் செங்குத்தாக நிற்கும்படி பல இடங்களில் பதித்துவிட்டார்கள். அடுக்குகளுக்கிடையே இறங்கும் மழைநீர் குளிர்காலத்தில் உறைந்து விரிவதால், கல் தகடு தகடாக உரிகிறது. எங்கள் வீட்டு முகப்பில் உரிந்த பகுதிகளை நிறம் சேர்த்த சிமெண்டுக் கலவையால் பூசிச் சரிசெய்திருக்கிறார்கள்; கிட்டத்தில் நின்று பார்த்தாலும் ஒட்டுப்போட்டது எளிதில் தெரிவதில்லை. ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் 1971இல் பாதுகாக்கப்பட வேண்டிய வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், வெளிப்புறத்தில் ஜன்னலை மாற்றுவதற்குக்கூட நகரின் அடையாளச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

அறையின் உட்புறத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூரை 11 அடி உயரம். அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் சுண்ணாம்புக் கொடிவேலைப்பாட்டில் உடைந்துபோன இலைகளை, மிஞ்சியிருந்த இலைகளிலிருந்து அச்செடுத்து வார்த்து நிரப்பியிருக்கிறார்கள். நெருப்பு மூட்ட முடியாதபடி அடைக்கப்பட்டுவிட்ட பளிங்குக் கணப்படுப்பு, புத்தகங்கள் வைக்க உதவுகிறது. முன் அறையையும் பின் அறையையும் ஒரு காலத்தில் இணைத்த, சுவருக்குள் நகரும் மரக்கதவுகளைக் கழற்றி விற்றுவிடாமல் மூடிய நிலையில் அப்படியே நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் ஒலித்தடுப்புப் பஞ்சு வைத்த புதுச் சுவரை எழுப்பியிருப்பதால், பக்கத்துக் குடியிருப்பில் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. இரு பக்கங்களிலும் அண்டை வீடுகளோடு பகிரும் சுவர்கள் கனத்த செங்கல் என்பதால் அங்கிருந்தும் சத்தமில்லை. ஆனால் மேல்தளத்து மர விட்டங்களுக்கிடையே அத்தகைய பஞ்சு எதுவும் வைக்கப்படவில்லை போலும். மேலே ஒருவர் நடந்தால் எத்தனை அடி வைத்தார் என்று எண்ணிவிடலாம். தூக்கம் எளிதில் கலைபவர்கள் இதற்காகவே எல்லாவற்றுக்கும் மேலுள்ள தளத்துக் குடியிருப்பைத் தேடுவது நல்லது.

இத்தகைய வீடுகளுக்கு முன்னும் பின்னும் மட்டுமே ஜன்னல்கள் உண்டு. பின் அறைக்குத் தோட்டத்தைப் பார்த்த இரண்டு நெடிய ஜன்னல்கள் வாய்த்திருக்கின்றன. வீட்டின் நடுப்பகுதியில் அமைந்த குளியலறைக்கோ ஜன்னலே இல்லை, காற்றாடி மட்டும்தான். துணி துவைக்கும் இயந்திரம் வீட்டில் இல்லை, தெருமுனைச் சலவையகத்துக்குப் போக வேண்டும்.

குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் நீராவி ரேடியேட்டரைப் பற்றி, புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் குழாய் அமைப்பு. நீராவி மேலே வருவதும், குளிர்ந்து நீராகித் திரும்புவதும் ஒரே குழாயில்தான். எனவே அதன் வால்வை முழுவதுமாகத் திறக்க வேண்டும், அல்லது முழுவதுமாக மூட வேண்டும். சூடு அதிகமென்று பாதியளவு மூடினால், தேங்கிய நீரில் நீராவி மோதி நள்ளிரவில் சுத்தியலால் அடிப்பது போல் குழாய் அதிரும். இங்கே வீட்டுக்காரர் காற்றுப்போக்கியுடன் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வைப் பொருத்தியிருப்பது பாராட்டத்தக்கது. நகரச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் உள்ளே 68 டிகிரியும், இரவில் எப்படியானாலும் 62 டிகிரியும் இருந்தாக வேண்டும். இந்த வீட்டில் அதற்குக் குறைந்ததே இல்லை.

ஒப்பந்த விஷயத்தில் நடைமுறை நேர்மையாக இருந்தது. முன்பணம் ஒரு மாத வாடகை, விண்ணப்பக் கட்டணம் 20 டாலர். இரண்டுமே 2019ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் விதித்த உச்சவரம்பு. தரகரை அமர்த்தியவரே தரகுக் கூலி கொடுக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்ததால், வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 40 மடங்கு, அதாவது 96,000 டாலர், இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். இது சட்டமல்ல, ஊர் வழக்கம். கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தும் நிலைப்படுத்தல் சட்டம் பொதுவாக 1974க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடங்களுக்கே பொருந்தும். பெரும்பாலான பிரவுன்ஸ்டோன் வீடுகள் போல இதுவும் அதற்குள் வராது. எனவே அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு ஏறும் என்பதற்கு அந்தச் சட்டத்தில் உத்தரவாதமில்லை. 5 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்துவதானால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு உண்டு.

இனி சமையல் மூலை. கருங்கல் மேடையும் புது அடுப்பும் பார்வைக்கு அழகாகவே இருக்கின்றன. ஆனால் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி, புகையை வெளியே தள்ளுவதில்லை. கரி வடிகட்டி வழியாக இழுத்து, மறுபடியும் அறைக்குள்ளேயே விடுகிறது. பாஸ்தா வேகவைப்பவருக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, வற்றல் மிளகாயைக் கிள்ளிப்போட்ட கணத்தில் எழும் நெடி, பத்தடி தொலைவிலுள்ள கட்டிலையும் திறந்த அலமாரியில் தொங்கும் கம்பளிக் கோட்டையும் எட்டிவிடுகிறது. குளிர்காலத்தில் இரு ஜன்னல்களையும் திறந்துவைத்தே தாளிக்க வேண்டியிருக்கிறது. நம் சமையலை விடாமல் செய்பவர்கள், வீடு பார்க்கப் போகும்போது புகைபோக்கியை ஓடவிட்டு அதன் மேற்பகுதியில் கையை வைத்துப் பாருங்கள். காற்று கையில் அடித்தால் குழாய் வெளியே போகவில்லை என்று பொருள்.

இதை வீட்டுக்காரரிடம் எழுத்தில் தெரிவித்தபோது அவர் மறுக்கவில்லை. பின்சுவரில் துளையிட்டுக் குழாய் வைப்பதற்கும் ஆணையத்தின் அனுமதி தேவை என்பதால், கட்டடக் கலைஞரிடம் வரைபடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். அந்த வேலை முடிந்தால் இதே வாடகைக்கு இன்னோர் ஆண்டு கையெழுத்திடத் தயங்க மாட்டேன். முடியாவிட்டால், கொடிவேலைப்பாட்டுக் கூரையை விட்டுவிட்டு, ஜன்னல் வைத்த தனிச் சமையலறை உள்ள வீட்டைத் தேடுவேன்.