சத்தம் தாங்காத காதுக்கு பி.பி.கிங்: பல வருடக் கேட்பு அனுபவம்

மெதுவான பாட்டு என்றாலே காதுக்கு இதமாக இருக்கும் என்று நம்பி, சத்தம் தாங்காதவர்களுக்கு ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை வகைப் பாடல்களை அனுப்பிவைப்பவர்கள் நிறைய. வேகம் குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு பாட்டு இதமாகிவிடாது. மெதுவான பாட்டில் இடைவெளி அதிகம். அந்த இடைவெளி முடிந்து திடீரென்று கிடார் வெட்டினால் உடம்பே தூக்கிப்போடும். அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிடார் கலைஞருமான பி.பி.கிங்கின் ‘தி த்ரில் இஸ் கான்’ பாடலை நல்ல நாளிலும் மோசமான நாளிலுமாகப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1969 ஸ்டுடியோ பதிவை, சுமாரான ஸ்பீக்கரிலாவது, குறைந்த ஒலியில் கேட்பதாக இருந்தால் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

எனக்கு இருப்பது ஹைப்பர்அக்யூசிஸ். மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும் சத்தம் எனக்கு வலியாகவே வரும். குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு தரையில் விழுவது, பஸ்ஸின் ஏர் ஹாரன். மிசோபோனியா என்பது வேறு வகை: அதில் சத்தத்தின் அளவு பெரிய விஷயமில்லை, பக்கத்தில் ஒருவர் மெல்லுவது போன்ற குறிப்பிட்ட ஒலி ஒன்று எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்பிவிடும். இரண்டுக்கும் ஒரே பாட்டு ஒரே மாதிரி ஒத்துவராது. நான் எழுதுவது முக்கியமாக முதல் வகைக்காரர்களுக்கு.

இந்தப் பாடலை ராய் ஹாக்கின்ஸ் 1951-லேயே பாடிப் புகழ்பெறச் செய்துவிட்டார். கிங்கின் வடிவம் ‘கம்ப்ளீட்லி வெல்’ ஆல்பத்தில் வந்தது. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. மெது ப்ளூஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் ஆடி அசையும் 12/8 நடை இதில் கிடையாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 அடி, நேரான நாலடி நடை. பன்னிரண்டு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) கொண்ட ஒரு சுற்று முடிய அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதே சுற்று திரும்பத் திரும்ப வரும். நாலைந்து முறை கேட்டுவிட்டால் அடுத்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) எங்கே மாறும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். எதிர்பார்த்த சத்தம் வலித்தாலும் தாங்கலாம். எதிர்பாராதது சின்னதாக இருந்தாலும் தாங்க முடிவதில்லை.

இன்னொன்றைக் கவனித்துப் பாருங்கள். கிங் வாசிப்பதை நிறுத்தும் இடங்களிலும் முழு மௌனம் விழுவதில்லை. ஜெர்ரி ஜெமட்டின் பேஸ் கிடார் அடியில் நடந்துகொண்டே இருக்கும். ஹெர்ப் லவெல்லின் டிரம்ஸ் அலட்டாமல் தாளம் காக்கும். பால் ஹாரிஸின் எலெக்ட்ரிக் பியானோ நடுவில் மெல்லிசாகப் பரவியிருக்கும். அதனால் கிடார் திரும்ப நுழையும்போது சூனியத்திலிருந்து குதித்து வருவதில்லை, கல்யாண வீட்டுப் பாயில் இன்னொருவர் வந்து உட்கார்வதுபோல் வந்து சேரும்.

கிங் பாடும்போது கிடார் வாசித்ததில்லை; வாசிக்கும்போது பாடியதில்லை. அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். குரல் ஒரு வரி சொல்லும், ‘லூசில்’ என்று அவர் பெயர் வைத்த கிடார் பதில் சொல்லும். காதின் மிகக் கூர்மையான பகுதியான 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் குரலின் மெய்யெழுத்துகளும் கிடாரின் கூர்மையும் சேர்ந்து மோதினால்தான் எனக்குத் தலைவலி ஆரம்பிக்கும். இந்தப் பாட்டில் அவை முறைவைத்து வருவதால் அந்த மோதல் மிகக் குறைவு. அவருடைய இடதுகை அதிர்வும் சொல்ல வேண்டிய ஒன்று. உறவினரான புக்கா வைட்டின் ஸ்லைடு வாசிப்பை (கம்பிமேல் குழலை வழுக்கி வாசிப்பது) கேட்டு, ஸ்லைடு இல்லாமலே அதைக் கொண்டுவர முயன்று பிடித்த வித்தை அது. நம் கமகத்துக்குப் பழகிய காது அதைச் சட்டென்று ஏற்றுக்கொள்கிறது. சுரத்தின் தொடக்கம் கூராக இருந்தாலும் அடுத்த கணமே அது அசைந்து இளகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கிடார் ஆரம்பத்திலேயே வந்துவிடும், தயாராக அவகாசமே தராது. ஒலியைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஓடவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். பாட்டு நகர நகர, பெர்ட் டிகோட்டோ அமைத்த வயலின் கூட்டம் மேலே வரும். நல்ல நாளில் அதுதான் இந்தப் பதிவின் அழகே. சோர்ந்த நாளில் அந்த நீண்ட மேல்சுரங்கள் காதுக்குள் அழுத்தமாகத் தேங்கும். அப்படிப்பட்ட நாட்களில் பாதியில் நிறுத்திவிடுவேன். முடிவு திடீரென்று அறுந்துபோகாமல் மெல்லத் தேய்ந்து மறைவது பெரிய நிம்மதி. ஆனால் ஆட்டோபிளேயை அணைத்துவையுங்கள். அந்தத் தேய்வுக்குப் பழகிய காதில் செயலி தானாகப் போடும் அடுத்த பாட்டு அறைந்ததுபோல் விழும்.

ஒப்பிட ஒன்று: லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ‘சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ’, 1970. அற்புதமான மெது ப்ளூஸ்தான். ஆனால் கிசுகிசுப்பிலிருந்து அலறலுக்கு அது தாவும் தூரம் ஹைப்பர்அக்யூசிஸ் உள்ளவருக்கு ஆபத்து. ஜான் பான்ஹமின் டிரம் பெடல் கீச்சிடுவதும் அந்தப் பதிவில் அப்படியே விழுந்திருக்கிறது. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. மிசோபோனியா உள்ளவருக்கு அதை நான் போடவே மாட்டேன்.

கருவி விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், பலன் இருக்கிறது. ஒலியைக் குறைக்கும்போது நம் காது முதலில் இழப்பது அடிநாதத்தை. அப்போது ஜெமட்டின் பேஸ் மறைந்து, கிடாரின் கூர்மை மட்டும் தனியாக நிற்கும். அதாவது இந்தப் பாட்டை இதமாக்கும் அஸ்திவாரமே போய்விடும். ஃபோன் ஸ்பீக்கரில் நடப்பது இதுதான், அதில் கேட்காதீர்கள். நான் செய்வது: ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக்குறைக்கும் ஈக்வலைசரில் அடிநாதத்தைக் கொஞ்சம் ஏற்றி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்று டெசிபல் போல இறக்கிவிடுவேன். ஸ்பீக்கரை என் முகத்துக்கு நேராக வைக்காமல் சுவரோரமாகத் திருப்பிவைப்பேன். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் சிலருக்கு உதவும். எனக்கு அந்த அழுத்த உணர்வே தொந்தரவு.

எப்போதும் காதை அடைத்துக்கொண்டே இருந்தால் காதின் கூச்சம் கூடத்தான் செய்யும் என்று ஆடியாலஜிஸ்டுகள் (செவித்திறன் நிபுணர்கள்) எச்சரிப்பது என் அனுபவத்திலும் சரியாகவே இருக்கிறது. அமைதியான அறையில் அடைப்பானைக் கழற்றிவைத்து, வலிக்காத அளவில் ஏதாவது ஒலி ஓடவிடுவது நல்லது. அந்த இடத்தில் இந்தப் பாட்டு எனக்குப் பெரும் துணை. இதைச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். வலி இருப்பவர்கள் முதலில் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மேடைப் பதிவுகளில் சிகாகோவின் குக் கவுண்டி சிறையில் 1970 செப்டம்பரில் பதிவானது பெரும்புகழ் பெற்றது. அந்த இசையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இசைத்தட்டு தொடங்குவதே ஷெரிஃபின் பெயரைக் கேட்டு கைதிகள் கூச்சலிடுவதில்தான். கைதட்டலும் விசிலும் எந்த நொடி வெடிக்கும் என்று கணிக்க வழியில்லை; வயலின்களுக்குப் பதில் பித்தளைக் குழல்கள் வேறு. காது நன்றாக இருக்கும் வீட்டாரோடு சேர்ந்து கேட்க ஆசைப்பட்டால் அவர்களை அறையில் கேட்கவிட்டு, நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து கதவு வழியாகக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன்.