பி.எல்.சி. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பி.எல்.சி. என்பது தொழிற்சாலை மெஷின்களை ப்ரோக்ராம் மூலம் இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அதைக் கற்க சென்னையில் ஒரு ஆட்டோமேஷன் பயிற்சி மையத்தில் 38,000 ரூபாய் கட்டி 45 நாள் போய்வந்தேன். பேரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பன் பயமுறுத்துகிறான், அதனால் போடவில்லை.

"பத்து ப்ராஜெக்ட், ஆளுக்கொரு பி.எல்.சி." என்றுதான் விளம்பரம். சேரும் முன் லேபைக் காட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சீமென்ஸ் எஸ்7-1200, டெல்டா பி.எல்.சி.கள், குட்டி கன்வேயர், டிராஃபிக் லைட் பலகை, எல்லாம் பளபளவென்று. அந்தப் பளபளப்பைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். பையன்கள் கைவைத்த லேபில் டெர்மினல் ஸ்க்ரூ தேய்ந்திருக்கும், தரையில் ஒயர் துண்டு கிடக்கும்.

வகுப்பில் 22 பேர், பி.எல்.சி. இரண்டு. அதில் ஒன்றுக்கு கேபிள் இல்லை. 45 நாளும் லேப்டாப்பில் சிமுலேட்டர்தான் ஓட்டினோம். சாஃப்ட்வேர் பென்டிரைவில் வந்தது. லைசென்ஸ் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் கம்பெனியில பாத்துக்கலாம் தம்பி." பத்து ப்ராஜெக்ட்டும் ரெடிமேட் ஃபைல்கள். பேரை மாற்றி பிரிண்ட் எடுத்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் அம்பத்தூரில் பேனல் செய்யும் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. மேஜைமேல் டெல்டா பி.எல்.சி., பச்சை பட்டன், சிவப்பு பட்டன், ஒரு கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச்). "பச்சைக்கு எடுக்கணும், சிவப்புக்கு விடணும். ப்ரோக்ராம் போடுங்க தம்பி" என்றார் இன்டர்வியூ எடுத்தவர். பச்சையை அழுத்தினால் கான்டாக்டர் இழுத்துப் பிடிக்க வேண்டும், சிவப்பை அழுத்தினால் விட வேண்டும். இவ்வளவுதானா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். லேடரில் (ப்ரோக்ராமை ஏணி மாதிரி வரையும் முறை) ஸ்டார்ட்டுக்கு என்.ஓ. (சிக்னல் வந்தால் இணைக்கும் சின்னம்), அதைப் பிடித்துவைக்க அவுட்புட்டின் கான்டாக்ட், ஸ்டாப்புக்கு என்.சி. (சிக்னல் வந்தால் துண்டிக்கும் சின்னம்). பச்சையை அழுத்தினேன். கான்டாக்டர் அசையவே இல்லை. மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

அவர்தான் விளக்கினார். ஸ்டாப் பட்டனை நிஜத்திலேயே என்.சி.யாகத்தான் (அழுத்தாதபோது இணைந்திருக்கும், அழுத்தினால் துண்டிக்கும்) ஒயர் செய்வார்கள், ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக. அழுத்தாமல் இருக்கும்போதே இன்புட்டுக்கு 24 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அதனால் லேடரில் என்.ஓ. சின்னம்தான் போட வேண்டும். நான் என்.சி. போட்டதால் ஸ்டாப்பை அழுத்தாதபோதும் பாதை துண்டித்தே கிடந்தது. சிமுலேட்டரில் ஸ்டாப் பட்டன் என்பது டிக் செய்யும் ஒரு கட்டம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒயர் என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து ஒரு சென்சாரைக் கையில் கொடுத்து, "இது என்.பி.என். எஸ்/எஸ் டெர்மினலை எங்கே கொடுப்பீங்க, 24 வோல்ட்டிலா சைபரிலா?" என்றார். என்.பி.என். என்பது பொருளைக் கண்டால் இன்புட்டை சைபர் வோல்ட்டோடு இணைக்கும் சென்சார் வகை, எஸ்/எஸ் என்பது பி.எல்.சி. இன்புட்களின் பொது இணைப்பு. எஸ்/எஸ் என்ற எழுத்தையே அன்றைக்குத்தான் பார்த்தேன். 24 வோல்ட்டில் என்று இப்போது தெரியும்.

மையத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் கொடுத்தேன். மையத்தின் பதிலாக வருகைப் பதிவேட்டின் நகல் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "செய்முறைப் பயிற்சி பெற்றேன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். கீழே 45 நாளும் என் கையெழுத்து. ஒருநாள்கூட அந்த வரியை நான் படித்ததில்லை.

நீங்கள் சேரப் போகிறீர்கள் என்றால், டெமோ வகுப்பிலேயே ஒரு சென்சாரை நீங்களே ஒயர் செய்து இன்புட் லைட் எரிவதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. "ஷாக் அடிக்கும், தொடாதீங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது வெறும் 24 வோல்ட் டி.சி. ஒரு பி.எல்.சி.க்கு எத்தனை பேர் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள்.

நான் இப்போது பழைய டெல்டா டிவிபி பி.எல்.சி. ஒன்று, 24 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ், இரண்டு பட்டன், ஒரு என்.பி.என். சென்சார் என்று பத்தாயிரத்துக்குள் வாங்கி வீட்டில் பலகையில் அடித்து வைத்திருக்கிறேன். அதன் சாஃப்ட்வேர் டபிள்யூபிஎல்சாஃப்ட் இலவசம். போன வாரம் ஸ்டார்-டெல்டாவை (மோட்டாரை முதலில் குறைந்த கரண்ட்டில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் முறை) டைமரோடு எழுதி, கான்டாக்டர்கள் மாறும் சத்தத்தைக் கேட்டேன். 38,000 இன்னும் திரும்பி வரவில்லை.