மிலான் பேராலயப் பளிங்குக் குவாரி சுற்றுலா: காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

மிலான் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டுவோமோ பேராலயத்துக்குக் கல் கொடுத்த கந்தோலியா பளிங்குக் குவாரிக்குள் கூட்டிப்போவதாகச் சொல்லி, மிலானிலிருந்து ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா விற்கிறார்கள். நானும் என் மனைவியும் ஆளுக்கு 140 யூரோ கொடுத்தோம். குவாரியின் கேட்டைத் தாண்டவே இல்லை.

எங்களுக்கு இது சும்மா ஒரு ஊர் சுற்றல் இல்லை. அந்தப் பேராலயத்தின் வேலை 1386-இல் தொடங்கியது. மறு வருடமே மிலானை ஆண்ட ஜான் கலேயாட்சோ விஸ்கோந்தி, கந்தோலியாக் குவாரியைக் கட்டுமானத்துக்கென்றே கொடுத்துவிட்டார். வெட்டிய கல்லைத் தோச்சே ஆற்றில் இறக்கி, மஜ்ஜோரே ஏரி, திச்சினோ ஆறு, அப்புறம் நவீலியோ கிராந்தே கால்வாய் என்று முழுக்கத் தண்ணீர் வழியாகவே மிலானுக்குக் கொண்டுவந்தார்கள். பேராலய வேலைக்கான கல் என்று அடையாளம் பொறித்திருந்தால் வழியில் யாரும் சுங்கம் கேட்கக் கூடாது. இன்றைக்கும் பழுதான சிலைக்கும் கோபுரத்துக்கும் அதே மலையிலிருந்துதான் கல் வருகிறது. அறுநூறு வருடத்துக்கு மேல் ஒரே கோயிலுக்காக வெட்டப்படும் மலையை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு நெடுநாள் ஆசை.

நடந்தது இதுதான். மெர்கோட்சோ தாண்டி மலையடிவாரத்தில் பேருந்தை நிறுத்தினார்கள். வழிகாட்டி மேலே கையைக் காட்டி, "அதோ தெரிகிறதே, அதுதான் குவாரி. இன்று பாதுகாப்புக் காரணத்தால் உள்ளே விடவில்லை" என்றார். வேலை முடிந்து வெளியே வந்த ஒருவரிடம் என் மனைவி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விசாரித்தாள். அன்றைக்குப் பார்வையாளர் யாருக்குமே பதிவு இல்லை என்றார் அவர். அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. ஆக, அனுமதி கேட்டு மறுக்கப்படவில்லை, அனுமதியே கேட்கவில்லை.

அதற்கு ஈடாக மோந்தோர்ஃபானோ பக்கம் கல் வெட்டும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய், இதுவும் டுவோமோ கல்தான் என்றார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அங்கேதான். மோந்தோர்ஃபானோவில் கிடைப்பது கிரானைட். பொரிபொரியாகப் புள்ளி தெரியும். கந்தோலியாப் பளிங்கு வெள்ளையில் இளஞ்சிவப்பும் சாம்பலும் ஓடுகிற கல். டுவோமோவின் சுவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். மோந்தோர்ஃபானோ கிரானைட்டுக்கும் பெருமைக்குக் குறைவில்லை. ரோமில் புனித பவுல் பேராலயத்தின் தூண்களுக்கு அங்கிருந்துதான் கல் போனது. அந்தக் கதையையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக ஒரு கடை. உள்ளங்கை அளவுப் பளிங்குத் துண்டை "டுவோமோ குவாரிக் கல்" என்று 35 யூரோவுக்கு விற்றார்கள். குழுவில் பலர் வாங்கினார்கள். கந்தோலியாப் பளிங்கு பேராலயத்துக்காக ஒதுக்கப்பட்டது, வெளிச்சந்தைக்காக வெட்டுவதில்லை. சாலையோரக் கடையில் யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பயணச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் "நுழைவு சூழ்நிலையைப் பொறுத்தது" என்று இருப்பதைக் காட்டினார்கள். விளம்பரத்தில் "குவாரிக்குள் நடந்து செல்லலாம்" என்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.

கந்தோலியா இன்றும் வேலை நடக்கும் குவாரி. பேராலயத்தைப் பராமரிக்கும் வெனெராந்தா ஃபாப்ரிகா என்ற அமைப்புதான் அதை நடத்துகிறது. அவர்கள் அனுமதிக்கிற நாளில், முன்பதிவு செய்தவர்கள் மட்டுமே உள்ளே போக முடியும். அதனால் கேட்க வேண்டியதை அவர்களிடமே நேராகக் கேளுங்கள். நாள் கிடைக்கவில்லை என்றால் மிலானிலேயே அரச மாளிகையில் இருக்கும் டுவோமோ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பேராலயத்தின் கூரைக்கு ஏறி அந்தக் கல்லைத் தொட்டே பார்க்கலாம்.

ஏற்கெனவே இப்படி ஒரு சுற்றுலாவுக்குக் காசு கட்டிவிட்டவர்கள், உங்கள் தேதிக்குக் குவாரி நுழைவு உறுதியா என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், ரத்து செய்யும் கெடு முடிவதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.