வடசேரி லேத் பட்டறையில் கிராங்க் வேலை எப்படி?

என் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் கனெக்டிங் ராடை (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மாற்றுவதற்காக, நாகர்கோவில் வடசேரிப் பகுதியில் உள்ள சிறிய லேத் பட்டறை ஒன்றில் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைக் கொடுத்திருந்தேன். ராடு மாட்டியிருக்கும் கிராங்க் பின்னைப் பிரஸ்ஸில் தள்ளி, புதிய ராடுடன் மீண்டும் ஏற்றுவதை எந்தப் பட்டறையும் செய்துவிடும்; ஏற்றிய பிறகு இரு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று அளந்து திருத்துவதில்தான் தொழில் தெரிகிறது.

இங்கே அதைக் கண்ணெதிரே செய்தார்கள். கிராங்கை இரு முனைகளிலும் சென்டர் என்ற கூர்முனைகளில் நிறுத்தி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மெல்லச் சுழற்றியபோது, மேக்னெட்டோ (மின்சாரம் தரும் பாகம்) பக்கம் முள் 0.12 மி.மீ. ஆடியது. பட்டறைக்காரர் ஏறி நின்ற பக்கத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, செம்புச் சுத்தியலால் தட்டுவதும் மறுபடி அளப்பதுமாக அதை 0.02 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஆட்டத்துக்குத் தயாரிப்பாளர்கள் கையேட்டில் தரும் வரம்பு வண்டிக்கு வண்டி மாறும், 0.03 மி.மீ. என்ற கண்டிப்பும் உண்டு, 0.10 வரை விடுவதும் உண்டு. கிராங்கை எங்கே தாங்கி, எங்கே அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாராமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது வீண். வரம்பு மீறினால் நடுக்கம் கூடும், மெயின் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போகும். பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த வண்டியில் தீப்பொறி டைமிங்கும் நிலைகொள்ளாது.

குறை ஒன்று உண்டு. அளவை ரசீதில் எழுதித் தருவதில்லை. கேட்டால், "நேரில பாத்தீங்கல்லா" என்கிறார்கள். ராடின் பக்க இடைவெளியையும் நான் சொன்ன பிறகே ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்தார்கள். திருத்தத்துக்குத் தனிக் கூலி, கொடுக்கலாம்.