சீலியாக் "பேக்கேஜ்"னு 11,800 ரூபா வாங்குறாங்க, பாலக்காடு பக்கம் இருக்கறவங்க உஷாரா இருங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் வாட்ஸப் குரூப்புல ஒரு விளம்பரம் சுத்திட்டு இருக்கு. வயித்துப் பிரச்சினை, குளூட்டன் அலர்ஜி, சீலியாக் (கோதுமையில இருக்கற குளூட்டன்ங்கற புரதத்தால சிறுகுடல் கெடற நோய்) எல்லாத்துக்கும் ஒரே பேக்கேஜாம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்களாம். 10,000 ரூபா, அதுக்கு மேல வரி 1,800. மொத்தம் 11,800. எங்க அக்கா கட்டின அந்தக் காசு திரும்ப வராதுன்னு நேத்துதான் கடைசியா சொன்னாங்க. சூடு ஆறறதுக்குள்ள எழுதிடறேன். பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். ஆன்லைன்ல ரத்த டெஸ்ட் புக் பண்ற ஆப், கூடவே சிறுதானிய மாவும் டயட் பிளானும் விக்குது. இந்த அடையாளம் போதும். என்ன செய்யணும்கறதை கடைசியில விவரமா போடறேன்.

அக்கா பொண்ணுக்கு 9 வயசு. எடை ஏறலை, வயிறு உப்பி இருந்துச்சு, அயர்ன் டானிக் எவ்வளவு குடிச்சும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டலை. இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கறது சிறுகுடலோட ஆரம்பப் பகுதியில. சீலியாக் முதல்ல அரிக்கறதும் அதே இடத்தைத்தான். அதனால டானிக்குக்கு மசியாத ரத்தசோகைன்னா இந்த நோயையும் பார்த்துடணும். நம்ம பக்கம் டாக்டருங்களுக்கு இது சட்டுனு தோணாததுக்குக் காரணம் இருக்கு. 2016-ல வந்த இந்திய ஆய்வுல வடக்கே ஆயிரம் பேர்ல எட்டுக்கு மேல இந்த நோய் இருந்துச்சு, தெற்கே பத்தாயிரத்துக்கு ஒண்ணுங்கற அளவுதான். கோதுமை சாப்பிடற அளவும் வடக்கே ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆனா நோய்க்கு இடம் குடுக்கற ஜீன் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தெற்கே நூத்துக்கு 36 பேர்கிட்ட இருந்துச்சு. இந்த 36-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க. அவங்க வியாபாரமே இதுலதான் நிக்குது.

நம்ப வெச்ச விதத்தைச் சொல்லணும். போன்ல பேசின பொண்ணு மலையாளத்துல ஆரம்பிச்சுது. அக்கா பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிடுச்சு. "எந்த ஊருக்கா, கொழிஞ்சாம்பாறையா? எங்க அம்மா வீடு நல்லேப்பிள்ளிதான்"னு சொன்னதுமே அக்காவுக்கு பாதி மனசு விழுந்துடுச்சு. "டாக்டர்கிட்ட போனா ட்யூப் விட்டு குடலைக் கிள்ளுவாங்கக்கா, சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அந்தக் கஷ்டம், எங்க டெஸ்ட்ல எல்லாமே ரத்தத்துலயே தெரிஞ்சுடும்"னதும் மீதி மனசும் போச்சு. பெத்தவளுக்கு அந்த இடத்துல "வேண்டாம்"னு வாய் வருமா? ஜிபே பண்ணியாச்சு, 11,800. மறுநாள் காலையில வெள்ளைக் கோட்டு போட்ட பையன் ஐஸ் பெட்டியோட வாசல்ல. எல்லாம் பக்காவா இருந்துச்சு. அப்புறம் அதே பொண்ணு போன் பண்ணி, "ரிப்போர்ட் வரட்டும், நீங்க இன்னைக்கே கோதுமையை நிறுத்திடுங்க"ன்னுச்சு.

எல்லாத்தையும் கெடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். சீலியாக்குக்கு முதல்ல எடுக்க வேண்டிய ரத்த டெஸ்ட் டிடிஜி ஐஜிஏ (இந்த நோய்ல ரத்தத்துல ஏறற ஆன்டிபாடியைப் பார்க்கறது), கூடவே மொத்த ஐஜிஏ அளவு. ஐஜிஏ, ஐஜிஜி ரெண்டும் ஆன்டிபாடி வகைங்க. சீலியாக் இருக்கறவங்கள்ல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு ஐஜிஏவே சுரக்காது, அவங்களுக்கு டிடிஜி பொய்யா நார்மல்னு வரும். அப்படி இருந்தா டிடிஜி ஐஜிஜி, இல்லைன்னா டிஜிபி ஐஜிஜி பார்க்கணும். இந்த டெஸ்ட் எல்லாம் கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கறப்ப எடுத்தாத்தான் செல்லும். குளூட்டனை நிறுத்தினா ஆன்டிபாடி மெல்ல இறங்கிடும், குடலும் ஆற ஆரம்பிச்சுடும். அப்புறம் எண்டோஸ்கோப்பி பண்ணாலும் தெளிவா தெரியாது. நோய் இருந்துச்சா இல்லையான்னே சொல்ல முடியாம போயிடும்.

சரி, 11,800-க்கு என்னதான் டெஸ்ட் பண்ணாங்க? ரெண்டு. ஒண்ணு, 200-க்கு மேல உணவுகளுக்கு ஐஜிஜி பேனல். கலர் கலரா 14 பக்கம். கோதுமை, பால், முட்டை சிவப்பு, அரிசியும் உளுந்தும் மஞ்சள். தினமும் இட்லி திங்கற பிள்ளைக்கு அரிசிக்கும் உளுந்துக்கும் ஐஜிஜி இல்லாம இருந்தாத்தான் அதிசயம். ஒரு சாப்பாடு உடம்புக்குப் பழகியிருக்குன்னுதான் அது காட்டும், ஒத்துக்கலைன்னு காட்டாது. 2008-ல ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பும், 2012-ல கனடா அமைப்பும் இந்த மாதிரி டெஸ்ட்டை நோய் கண்டுபிடிக்கப் பயன்படுத்தாதீங்கன்னு எழுத்துலயே சொல்லியிருக்காங்க. ரெண்டாவது, ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 ஜீன் டெஸ்ட். "பாசிட்டிவ்"னு சிவப்பு எழுத்துல. அந்த 36 பேர் கணக்கைப் பாருங்க, தெருவுல போற மூணு பேர்ல ஒருத்தருக்கு இது பாசிட்டிவ்தான். நெகட்டிவ்னு வந்தா சீலியாக் கிட்டத்தட்ட இல்லைன்னு சொல்லிடலாம், அதுக்கு மட்டும்தான் இது உதவும். டிடிஜி? அந்த 14 பக்கத்துல எங்கயும் இல்லை. வெளிய சாதாரண லேப்ல ஆயிரம் ரெண்டாயிரத்துக்குள்ள முடியற டெஸ்ட் அது.

கூடவே வந்த மாவு டப்பா இன்னொரு கதை. முன்னாடி "குளூட்டன் ஃப்ரீ"ன்னு தனியா ஒட்டின ஸ்டிக்கர். நகத்தால கிளப்பிப் பார்த்தா அடியில "கோதுமையும் கையாளப்படும் இடத்தில் பேக் செய்யப்பட்டது"ன்னு பொடி எழுத்து. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குடுக்கற 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இல்லை. சட்டப்படி குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ள போனாலே குடல் கெடும்னு பார்த்திருக்காங்க. அது சுமாரா அரை கிராம் கோதுமை மாவு, ஒரு சிட்டிகைதான். மெஷின்ல முன்னாடி ஆட்டா அரைச்சுட்டு அதுலயே கேழ்வரகைக் கொட்டினா இதைவிட அதிகமா வந்துடும்.

டயட் பிளான்ல நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி மூணு வேளையும், "குடலைக் குணப்படுத்தும்"னு. இது புதுசு இல்லை. நியூயார்க்ல சிட்னி ஹாஸ்னு ஒரு டாக்டர் 1924-லயே சீலியாக் பிள்ளைங்களுக்கு வாழைப்பழ டயட் குடுத்துப் பேர் வாங்கினார். பிள்ளைங்க தேறினது வாழைப்பழத்தால இல்லை, தட்டுல கோதுமை இல்லாததால. கோதுமைதான் காரணம்னு கண்டுபிடிச்சவர் டச்சு டாக்டர் வில்லெம் டிக்கே, 1950-ல ஆய்வேடாவே எழுதினார். நேந்திரங்காய் நல்ல சாப்பாடுதான், அதுக்கு எதுக்கு 11,800?

அக்கா கோதுமையை நிறுத்தினதுல பிள்ளைக்கு வயிறு தேறினது உண்மைதான். அதான் சிக்கலே. பெரிய ஆஸ்பத்திரியில டிடிஜி எடுத்தா இப்ப எல்லைக்கோட்டுல நிக்குது. உறுதி பண்ணணும்னா மறுபடி கோதுமை குடுக்கணும்ங்கறாங்க. ஒரு நாளைக்கு குறைஞ்சது 3 கிராம் குளூட்டன், அதாவது ஒண்ணு ஒண்ணரை சப்பாத்தி, டாக்டர் கண்காணிப்புல சில வாரம். அதுக்கப்புறம் ரத்தம், எண்டோஸ்கோப்பி. இந்த எண்டோஸ்கோப்பியை முன்னாடியே தவிர்த்திருக்கவும் வாய்ப்பு இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு டிடிஜி நார்மல் வரம்பைப்போல பத்து மடங்கோ அதுக்கு மேலயோ இருந்து, இன்னொரு தடவை எடுத்த ரத்தத்துல ஈஎம்ஏங்கற இன்னொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவ்னா, குடல் சதை எடுக்காமலே உறுதி பண்ணலாம்னு 2020 ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டல்ல இருக்கு. ட்யூப் வேண்டாம்னு சொல்லிச் சொல்லியே ட்யூப்புலதான் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க.

காசைக் கேட்டோம். முதல்ல வாட்ஸப் பாட், "உங்கள் கருத்துக்கு நன்றி". அப்புறம் டிக்கெட் நம்பர். ரெண்டே நாள்ல "தீர்க்கப்பட்டது"ன்னு அவங்களே மூடிட்டாங்க. மறுபடி திறந்தா, "உங்க பின்கோடு கேரளா, பாலக்காடு கலெக்‌ஷன் சென்டர்ல கேளுங்க." அங்க போனா, "பில் கோயமுத்தூர்ல போட்டது, அங்கதான் பேசணும்." ஜிஎஸ்டி நம்பர் 33-ல ஆரம்பிக்குது, தமிழ்நாடு. கோயமுத்தூர்ல, "நாங்க மாவு டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும்தாங்க, டெஸ்ட் பத்தித் தெரியாது." நல்லேப்பிள்ளிப் பொண்ணு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கடைசியா ஒருத்தர், மேனேஜராம், "மெடிக்கல் டெஸ்ட் முடிஞ்சிடுச்சு மேடம், ரீஃபண்ட் பாலிசி இல்லை"ன்னார். மெடிக்கல் டெஸ்ட்டா? லேப் டெஸ்ட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. இவங்க பில்லுல "வெல்னஸ் சர்வீஸ்"னு ஒரே வரி, அதுக்கு 18 சதவீதம், 1,800. வரி வாங்கறப்ப வெல்னஸ், காசைத் திருப்பிக் கேட்டா மெடிக்கல். இதைச் சொன்னதும் லைன் கட். 11,800 ரூபாங்க.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப கை ஓடலை. அவசரமா சிலது மட்டும்:

சந்தேகம்னா கோதுமையை நிறுத்தாம, டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ ரெண்டையும் எழுதிக் குடுங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. லேப்களுக்குக் குடுக்கற என்ஏபிஎல் அங்கீகார முத்திரையை மட்டும் நம்பாதீங்க, அந்த அங்கீகாரம் டெஸ்ட் வாரியாத்தான் குடுப்பாங்க. நீங்க எடுக்கற டெஸ்ட் அதுல இருக்கான்னு பாருங்க. எண்டோஸ்கோப்பின்னா குறைஞ்சது நாலு இடத்துல சதை எடுப்பாங்களான்னு கேட்டுக்குங்க. நோய் அங்கங்க திட்டுத் திட்டாத்தான் இருக்கும், ஒண்ணு ரெண்டு எடுத்தா தப்பிச்சிடும். உறுதி ஆச்சுன்னா கூடப் பொறந்தவங்க, அம்மா, அப்பா எல்லாரும் டிடிஜி பார்த்துடுங்க.

உறுதி ஆன வீட்டுல புட்டு, இடியாப்பம், ஆப்பத்துக்கு பயமில்லை, மாவு வீட்டுலயே பொடிச்சதா இருந்தா. பெருங்காயம்தான் வில்லன். கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படிங்க. ஓட்டல் சாம்பார் அதனாலயே வேண்டாம். பழம்பொரி மாவுல மைதா. பொரோட்டா போடற கல்லுலயே தோசை ஊத்துவாங்க. பூரி பொரிச்ச எண்ணெயில பொரிச்ச பப்படமும் ஆகாது. பிள்ளை தேறணும்னு பாட்டிங்க குடுக்கற மால்ட் பவுடர், பார்லித் தண்ணி ரெண்டுலயும் குளூட்டன். ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். பால் ஒத்துக்கலைன்னா பயப்படாதீங்க, குடல் ஆறினதும் பெரும்பாலும் சரியாயிடும். ஆறு மாசத்துல ஒரு டிடிஜி எடுத்து இறங்குதான்னு பாருங்க. இரும்பு, வைட்டமின் டி, பி12-உம் பார்க்கச் சொல்லுங்க.

காசு போனவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்க. மாவு பத்தி எஃப்எஸ்எஸ்ஏஐல தனியா புகார் குடுங்க, ஸ்டிக்கரைக் கிழிக்காம போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பில் கோயமுத்தூர்ல போட்டதுன்னு சொன்னா மசியாதீங்க. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. நாங்க பாலக்காட்டுல போடறோம். இதே ஆப்ல ஏமாந்தவங்க பில்லோட வாங்க, சேர்ந்தே குடுத்துடலாம்.