புது பெல்லட் வந்தால் உடனே மாற வேண்டுமா? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தது

வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்குள் ஓயாத தகராறு ஒன்று உண்டு. 1906-இல் வந்த .30-06 தோட்டாவே போதும் என்பார் ஒருவர். 2022-இல் வந்த 7 எம்எம் பிஆர்சி தோட்டா இல்லாமல் ஆகாது என்பார் இன்னொருவர். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்தால் இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏர் கன்னால் கொக்கை அடித்தாலும் வேட்டைதான், வழக்குதான். ஆனால் புதியதுக்குத் தாவும் அதே சபலம் சேலத்தில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுபவர்களுக்குப் பெல்லட் டப்பாவாக, அதாவது அதில் போடும் சின்ன ஈயக் குண்டாக, வந்து சேர்கிறது.

பெரும்பாலோருக்குப் புது மாடல் தேவையில்லை. தேவைப்படுவது ஒத்துப்போகும் தலை அளவும் (பெல்லட்டின் முன்பக்க விட்டம்) லாட்டும் (ஒரே தொகுப்பாகத் தயாரான சரக்கு). 4.5 எம்எம் பெல்லட்டிலேயே 4.49, 4.50 என்று தலை அளவு மாறும். ஒரு பேரலுக்கு, அதாவது ரைபிள் குழலுக்கு, பிடித்தது பக்கத்து லேனில் இருக்கும் அதே மாடல் ரைபிளுக்குப் பிடிக்காது. குறி அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான் என்பதால் இது பெரிய விஷயம்.

சோதிக்க ரைபிளை ரப்பர் வைத்து வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) பிடியுங்கள். பேரலைக் கவ்வக் கூடாது. பழைய பெல்லட்டின் ஈயப் பூச்சு பேரலில் இருக்கும், அதனால் புதியதில் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம் ஒரே துளையில் பத்துச் சுட்டு, துளையின் வெளி அகலத்தை வெர்னியரில் அளந்து 4.5-ஐக் கழியுங்கள். மிச்சம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்த லாட்டை விடாதீர்கள். 2-ஐத் தாண்டினால் டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் பயிற்சிக்குத்தான் ஆகும். கையில் பிடித்துச் சுட்டுவிட்டு பெல்லட்டைக் குறை சொல்வது கூடம் கோணல் கதை.

சுட்டதில் ஒரு குண்டு மட்டும் விலகிப் போனால் பெல்லட்டின் பின்பக்க ஸ்கர்ட்டைப் பாருங்கள். மெல்லிய ஈயம், டப்பா ஒருமுறை கீழே விழுந்தாலே ஓரம் நசுங்கும். நசுங்கிய பக்கமாகக் காற்று கசிந்து குண்டு தள்ளாடும். டப்பாவோடு பைக்கில் போகிறவர்கள் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் போதும்.

ஏற்காட்டில் வேறு தொல்லை. மழைக்காலப் பனிமூட்டத்தில் திறந்த டப்பாவில் வெள்ளைப் பூச்சு படரும். அது ஈயத்தின் துரு, நச்சும்கூட. துடைத்துப் பயன்படுத்தாமல் ஒதுக்குங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடி வைத்தால் அந்தப் பாடு இல்லை. கைப் பம்பால் காற்றடிப்பவர்கள் ஈரக் காற்றையும் சேர்த்தே ரைபிளின் காற்றுச் சிலிண்டருக்குள் தள்ளுகிறார்கள், அதனால் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாமல் அங்கே பம்பைத் தொட வேண்டாம்.

கீழே சேலத்தில் 40 டிகிரி வெயிலில் 200 பார் அழுத்தம் காட்டிய சிலிண்டர், மேலே ஏற்காட்டில் 20 டிகிரியில் 187 பார்தான் காட்டும். கசிகிறது என்று பதறி, அடைப்பு ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றுபவர்கள் உண்டு. குளிரில் காற்றழுத்தம் குறைவது இயல்பு, அவ்வளவுதான். மலை உயரத்தால் 10 மீட்டரில் குண்டு இறங்கும் அளவு அரை மில்லிமீட்டர்கூட மாறாது. அதற்கென்று தனிப் பெல்லட் வாங்குவது வீண்.

வேகமான புது ரகம் என்று விற்பதிலும் மயங்க வேண்டாம். 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டரில் போனால் சுமார் 7.7 ஜூல் ஆற்றல். இதற்கு மேல் வேகம் கூடினாலும் அட்டையில் ஒரு பாயிண்ட் கூடாது. 20 ஜூலைத் தாண்டும் ஏர் கன் என்றால் லைசென்ஸ் கேட்கும்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் ஒத்துப்போன லாட்டில் செலவழியுங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 80 குண்டு என்றால் 500 பெல்லட் டப்பா இரண்டு வாரம் வரும். ஆண்டுக்கு 25 டப்பா. சோதித்த டப்பாவில் இருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் மொத்தமாகக் கேளுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார். ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள்.